பட்டறையும் ஒரு பள்ளியே



ஆண்டு மலரில் தலைமையாசிரியர் எழுதும் கட்டுரை பெரும்பாலும் அறிவுரைகளால் நிறைந்திருக்கும். இவ்வாண்டு அவ்வழக்கத்தைச் சற்றே ஒதுக்கி வைத்து, என் ஆசிரியப் பணியில் நான் இழைத்த பிழை ஒன்றைப் பற்றியும், அதனை எனக்கு உணர்த்திய மாணவன் ஒருவனைப் பற்றியும் எழுத விழைகிறேன்.

ஆறாம் ஆண்டு மாணவர்கள் நம் பள்ளியைவிட்டு விடைபெறும் நாளில், "நீ என்னவாக விரும்புகிறாய்?" என்று ஒவ்வொருவரையும் கேட்பது என் வழக்கம். மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர் என்னும் விடைகளே மீண்டும் மீண்டும் வரும். "நான் சமூகக் கல்லூரியில் சேர்ந்து இயந்திரத் தொழில்நுட்பம் பயிலப் போகிறேன்" என்று இதுவரை ஒரு பிள்ளைகூடச் சொன்னதில்லை. பிள்ளைகளைக் குறை கூறுவது முறையன்று. அப்படி ஒரு கல்வி உண்டென்று நாம் அவர்களுக்குச் சொல்லவே இல்லை. சொன்னபோதும், தேர்வில் தோற்றவர் போய்ச் சேரும் இடம் என்ற பொருளிலேயே சொன்னோம். நானும் அவ்வாறு சொன்னவன்தான். அதற்கு ஒரு காரணம் உண்டு.

என் தந்தையார் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆலையில் பிட்டருக்கு உதவியாளாக வேலை செய்தார். தம் பெயரை எழுதுவதற்கு மேல் அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஆலையில் ஓடிய ஒவ்வோர் இயந்திரத்தின் குரலும் அவருக்குத் தெரியும். திருப்புளியின் நுனியை இயந்திரத்தின்மீது ஊன்றி, அதன் கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்பார். "இந்தப் பேரிங் இன்னும் பத்து நாள்தான் தாங்கும்" என்பார். பெரும்பாலும் அவர் சொன்னபடியே நடக்கும்.

1980ஆம் ஆண்டில் எனக்குப் பத்து வயது. ஒரு நாள் மாலை அவருக்குச் சோறு கொண்டுபோனேன். கிரேப் இயந்திரத்தின் சுழல்தண்டில் புதிய பேரிங் மாட்ட வேண்டியிருந்தது. பேரிங்கின் துளை தண்டைவிட இம்மியளவு சிறியது. அந்த இறுக்கம் இருந்தால்தான் தண்டோடு சேர்ந்து அதுவும் உறுதியாய்ச் சுழலும். தந்தையார் ஒரு தகரத்தில் எண்ணெய் ஊற்றி மெல்லிய தீயில் வைத்தார். பேரிங்கைக் கம்பியில் கட்டி, தகரத்தின் அடியில் படாதவாறு எண்ணெயினுள் தொங்கவிட்டார். சிறிது நேரத்திற்குப் பின் தடித்த சாக்குத் துணியால் அதனைப் பற்றி எடுத்துத் தண்டின்மேல் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு போய்த் தன் இடத்தில் அமர்ந்தது. ஆறும்வரை அழுத்திப் பிடித்திருந்தார்.

"சுத்தியலால் அடித்தால் என்ன அப்பா?" என்று கேட்டேன்.

"அடித்தால் உள்ளே இருக்கும் குண்டுகளுக்குக் காயம் படும், தம்பி. சூடு காட்டினால் அதுவே அரை முடியளவு விரிந்து கொடுக்கும்" என்றார்.

அரை முடி! அந்தச் சொல் என் நினைவில் தங்கிவிட்டது.

சில ஆண்டுகளில் அந்தப் பிட்டர் ஓய்வு பெற்றார். அவ்விடம் தந்தையாருக்குக் கிடைக்கும் என்று லயமே எதிர்பார்த்தது. சான்றிதழ் பெற்ற ஓர் இளைஞர் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தார். ஒவ்வோர் இயந்திரத்தின் குணத்தையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் தந்தையாரே. வந்தவர் நல்லவர், தந்தையாரை அண்ணன் என்றே அழைத்தார். ஆயினும் சம்பளப் பட்டியலில் தந்தையார் இறுதிவரை உதவியாளாகவே இருந்தார். அன்றிரவு அவர் சோற்றில் கை வைத்தபடி, "என் கை கறுத்ததுபோல் உன் கை கறுக்கக் கூடாது. நீ படி" என்றார். அந்தச் சொல்லைத் தலைமேல் தாங்கி நான் படித்தேன். 1991ஆம் ஆண்டில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தேன், ஆசிரியனானேன்.

புத்தகம் மனிதனை உயர்த்தும், கருவி அவனைத் தாழ்த்தும் என்ற எண்ணம் இவ்வாறுதான் என்னுள் வேர்விட்டது. தந்தையாரைத் தாழ்த்தியது கருவியன்று, அவர் அறிவுக்குச் சான்று தரும் வழி அவர் எட்டும் தூரத்தில் இல்லாமற் போனதே என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

2008ஆம் ஆண்டில் நான் ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியர். அவ்வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். தாயார் செம்பனைத் தோட்டத்தில் உரமிடும் வேலை செய்தவர், தந்தை இல்லை. கட்டுரை எழுதச் சொன்னால் நான்கு வரியோடு நின்றுவிடுவான். பின்னக் கணக்கு என்றால் முகம் வாடிவிடும். ஆனால் வகுப்பறை மின்விசிறி நின்றுபோனால் முதலில் எழுந்து நிற்பவன் அவனே. அவ்வாண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு நெருங்கிய வேளையில், பாடம் நடக்கும்போது மேசைக்கடியில் பழைய மேசைக் கடிகாரம் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தான். நான் அதைப் பிடுங்கினேன். "ஒழுங்காகப் படிக்காவிட்டால் நாளைக்குப் பட்டறையில் எண்ணெய் துடைத்துக்கொண்டுதான் கிடப்பாய்!" என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தனர். அவன் தலை குனிந்தான். கடிகாரத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

பட்டறையில் எண்ணெய் துடைத்த ஒருவரின் மகன் நான். அந்தச் சொல் என் வாயில் எப்படி வந்தது என்று இன்றும் வியக்கிறேன்.

அவன் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயின்று, இடைநிலைப் பள்ளியை முடித்து, 2014ஆம் ஆண்டில் எஸ்.பி.எம். எழுதினான். மறு ஆண்டு அவன் தாயார் ஒரு கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தார். மலாய்மொழியில் அமைந்த அக்கடிதம், சமூகக் கல்லூரி ஒன்றில் இயந்திரத் தொழில்நுட்பச் சான்றிதழ்க் கல்விக்கு அவனுக்கு இடம் கிடைத்திருப்பதைத் தெரிவித்தது.

"பாஸ் பண்ணாத பிள்ளைகள் போகிற இடம் என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள், ஐயா. அனுப்பலாமா? இல்லை, தொழிற்சாலை வேலைக்கே விட்டுவிடட்டுமா?" என்று கேட்டார்.

என்னால் உடனே விடை கூற முடியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு வழிகாட்டி வந்த நான், அத்தகைய கல்லூரியின் வாயிலைக்கூட மிதித்ததில்லை. நம் நாட்டில் சமூகக் கல்லூரிகள் 2001ஆம் ஆண்டில் பன்னிரண்டு கல்லூரிகளோடு தொடங்கப்பெற்றன என்பதையும், எஸ்.பி.எம். முடித்தோர்க்குத் தொழிற்கல்வியை ஊருக்கு அருகிலேயே கொண்டு சேர்ப்பது அவற்றின் நோக்கம் என்பதையும் அதன்பிறகே படித்தறிந்தேன். பதிவு நாளன்று தாயையும் மகனையும் என் காரில் ஏற்றிக்கொண்டு நானும் சென்றேன்.

நான் கற்பனை செய்திருந்த அழுக்குப் பட்டறை அங்கே இல்லை. லேத் எனப்படும் கடைசல் இயந்திரங்கள் வரிசையாக நின்றன. தரையில் மஞ்சள் கோடு தீட்டியிருந்தார்கள். பாதுகாப்புக் காலணியும் கண்ணாடியும் அணியாமல் அக்கோட்டைத் தாண்டக் கூடாதாம். விரிவுரையாளர் ஒருவர் மைக்ரோமீட்டர் என்னும் அளவு கருவியைக் காட்டினார். அதன் திருகு ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும். திருகின் விளிம்பில் ஐம்பது கோடுகள் உள்ளன. ஆகவே ஒரு கோடு நகர்ந்தால் 0.01 மில்லிமீட்டர். நான்காம் ஆண்டுப் பிள்ளையும் போடக்கூடிய வகுத்தல் கணக்கு அது. ஆனால் அந்த வகுத்தலை அவ்வளவு அழகாக நான் என் வகுப்பில் கற்பித்ததில்லை.

எல்லாம் இனிதே நடந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். முதற்பருவம் முடிவதற்குள் ஒரு சனிக்கிழமை அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "படிப்பை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன், சார்" என்றான். வரைபடங்களில் இருந்த ஆங்கிலக் குறிப்புகள் புரியவில்லை, கணக்கும் உதைத்தது. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புத் தண்டை 50 மில்லிமீட்டர் நீளத்திற்குள் 30 மில்லிமீட்டராகக் குறுகும்படி சரிவாகக் கடையச் சொல்லியிருக்கிறார்கள். குறைய வேண்டியது பத்து. ஆனால் தண்டு சுழல்வதால் கத்தி ஒரு பக்கம் ஐந்து வெட்டினாலே இரு பக்கமும் சேர்ந்து பத்து குறைந்துவிடும். ஐந்தை ஐம்பதால் வகுத்தால் 0.1, அதற்குரிய கோணம் ஏறத்தாழ 5.7 பாகை. இவன் பாதியாக்க மறந்து, பத்தை ஐம்பதால் வகுத்து, 11.3 பாகை வைத்துவிட்டான். நீளம் சரியாக வந்தபோது முனையின் விட்டம் 20 மில்லிமீட்டராய்ச் சிறுத்திருந்தது. தாளில் எழுதிய பிழையை ரப்பரால் அழித்துவிடலாம். வெட்டிய இரும்பை மீண்டும் ஒட்ட முடியாது. முழுத் துண்டும் கழிவுப் பெட்டிக்குப் போயிற்று.

அன்று முதல் சனிக்கிழமைதோறும் அவன் வந்தான். நான் கணக்கு கற்பித்தேன். பின்னத்தைக் கரும்பலகையில் கண்டு மருண்ட பையன், அதையே வெர்னியர் அளவியில் கையில் பிடித்தபோது தடையின்றிப் புரிந்துகொண்டான். அவனுக்கு அறிவு குறைவில்லை. நான் கற்பித்த வாயிலில் அவன் நுழைய முடியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் பருவத்தில் ஒரு நாள், "இன்றைக்குப் பேரிங் மாட்டும் பாடம், சார். சூடு காட்டி மாட்டவேண்டும்" என்றான். என் மனம் 1980ஆம் ஆண்டிற்குப் போய்விட்டது. எண்ணெய்த் தகரத்தின் கதையை அவனிடம் சொன்னேன். அவன் கண்கள் அகன்றன. "அடியில் படாமல் கட்டித் தொங்கவிட்டாரா? எங்கள் விரிவுரையாளரும் அதையேதான் சொன்னார். தகரத்தின் அடியில் பட்டால் அந்தப் பக்கம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடேறிவிடும்" என்றவன், தாளை எடுத்துக் கணக்கிடத் தொடங்கினான். எஃகு ஒரு பாகை சூடேறினால், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமார் 0.000012 மில்லிமீட்டர் விரியும். துளையின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்றும், சூடு 30 பாகையிலிருந்து 110 பாகைக்கு ஏறியது என்றும் கொண்டால், 50ஐ 0.000012ஆலும் 80ஆலும் பெருக்க வேண்டும். விடை 0.048 மில்லிமீட்டர்.

"மனிதனின் தலைமுடி எவ்வளவு தடிமன்?" என்று கேட்டேன்.

"ஆளுக்கு ஆள் மாறும், சார். தடித்த முடி 0.1 மில்லிமீட்டர் இருக்கும்."

அரை முடி! எழுதப் படிக்கத் தெரியாத என் தந்தையார் சொன்ன அளவும் தாளில் வந்த அளவும் ஒன்றாய் நின்றன. தந்தையார் 2003ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். நான் சற்று நேரம் பேசவில்லை.

"தாத்தாவுக்குக் கணக்கு கையில் இருந்திருக்கிறது, சார்" என்றான் அவன்.

அப்பொழுதுதான் 2008ஆம் ஆண்டில் நான் வகுப்பில் சொன்ன சொல்லை எடுத்தேன். "தம்பி, அன்று நான் சொன்னது தவறு" என்றேன். அவன் மறந்திருப்பான் என்றே எண்ணினேன்.

"நினைவிருக்கிறது, சார்" என்று மட்டும் சொன்னான். பிறகு, "அந்தக் கடிகாரத்தில் ஒரு பல்சக்கரம்தான் நழுவியிருந்தது. இன்னும் ஐந்து நிமிடம் விட்டிருந்தால் ஓடியிருக்கும். உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டான்.

அது என்னிடம் இல்லை. அன்றே குப்பையில் எறிந்துவிட்டேன். அதையும் அவனிடம் ஒப்புக்கொண்டேன்.

அவன் ஆலைப் பயிற்சியையும் நிறைவு செய்து 2017ஆம் ஆண்டில் சான்றிதழ் பெற்றான். பின்னர்ப் பொலிடெக்னிக்கில் டிப்ளோமா பயின்றான். இன்று ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் இயந்திரப் பராமரிப்புத் தொழில்நுட்பராகப் பணியாற்றுகிறான். அவன் தாயார் இப்போது வெயிலில் உரம் தூக்குவதில்லை.

பெற்றோர்களே, இக்கல்விப் பாதையின் படிகளை உங்களுக்கு எடுத்துரைப்பது என் கடமை. சமூகக் கல்லூரிகள் இன்று நாடெங்கும் நூற்றுக்கு மேல் உள்ளன. எஸ்.பி.எம். முடித்தோர் அரசின் யு.பி.யு. விண்ணப்ப முறையின் வழி இடம் கேட்கலாம். எல்லாக் கல்லூரிகளிலும் எல்லாத் துறைகளும் இருப்பதில்லை. ஒவ்வொரு துறைக்கும் நுழைவுத் தகுதி வேறுபடும். ஆகவே கல்லூரிக்கே நேரில் சென்று கேட்டறிவது நன்று. சான்றிதழில் தேறியவர் டிப்ளோமாவுக்குச் செல்லலாம். ஈப்போவில் 1969ஆம் ஆண்டில் எழுந்த உங்கு ஓமார் பொலிடெக்னிக் இந்நாட்டின் முதல் பொலிடெக்னிக் ஆகும். டிப்ளோமாவுக்குப் பின், மலாக்காவிலும் ஜொகூரிலும் பகாங்கிலும் பெர்லிசிலும் உள்ள அரசாங்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பயிலவும் வழியுண்டு. சான்றிதழ் நாட்டின் கல்வித் தகுதிக் கட்டமைப்பில் மூன்றாம் படி. டிப்ளோமா நான்காம் படி. இளங்கலைப் பட்டம் ஆறாம் படி. ஏணி ஒன்றுதான், ஏறத் தொடங்கும் இடம் மட்டும் வேறு.

இத்துறையினருக்குச் சட்டத்தின் மதிப்பும் உண்டு. 2015ஆம் ஆண்டின் தொழில்நுட்பவியலாளர், தொழில்நுட்பர் சட்டத்தின் கீழ் மலேசியத் தொழில்நுட்பவியலாளர் வாரியம் அமைக்கப்பட்டது. தகுதி பெற்ற தொழில்நுட்பர் அங்கே பதிந்துகொண்டு, தம் பெயருக்கு முன் அதற்குரிய அடைமொழியை இட்டுக்கொள்ளலாம். உதவியாள் என்ற ஒரே பெயரோடு வாழ்ந்து மறைந்தவரின் மகனுக்கு இச்செய்தி எத்தகையது என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பாட்டாளித் தோழர்களே, உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுள் ஆலையிலும் பட்டறையிலும் பல்லாண்டு உழைத்துக் கைத்திறன் பெற்றவர் உண்டு. அத்தகையோரின் வேலை அனுபவத்தை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ் வழங்கும் முறை ஒன்று திறன் மேம்பாட்டுத் துறையின் கீழ் நடைமுறையில் இருக்கிறது. செய்த வேலைக்குரிய சான்றுகளைத் திரட்டிக் கொடுக்கவேண்டும். எழுதுவது கடினமென்றால் பள்ளிக்கு வாருங்கள். பாரங்களை நிரப்ப நானும் என் ஆசிரியர்களும் உதவுவோம். என் தந்தையாருக்கு நான் செய்ய முடியாமற்போனதை உங்களுக்குச் செய்ய விரும்புகிறேன்.

இத்துறையின் கடினங்களையும் மறைக்க விரும்பவில்லை. அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவு; ஆனால் காலணி, கருவி, உணவு, பேருந்து ஆகியவற்றுக்குப் பணம் வேண்டும். தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது. கவனம் தவறினால் இயந்திரம் விரலைப் பறித்துவிடும். மலாயும் ஆங்கிலமும் கணக்கும் இல்லாமல் இத்துறையில் உயர முடியாது. "படிப்பு வராதவனுக்கு இது போதும்" என்று அனுப்பினால் பிள்ளை முதற்பருவத்திலேயே திரும்பி வந்துவிடுவான். விரும்பிச் செல்பவனுக்கே இது கைகொடுக்கும். பெண்பிள்ளைகளுக்கும் இதில் இடமுண்டு. பதிவு நாளன்று லேத் இயந்திரத்தின் முன் நின்ற மாணவியரையும் நான் என் கண்ணால் கண்டேன்.

மாணவமணிகளே, உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். வீட்டிலுள்ள மிதிவண்டியின் முன்சக்கரப் பற்களையும், சங்கிலி சுற்றும் பின்சக்கரப் பற்களையும் எண்ணுங்கள். முன்னே 48, பின்னே 16 என்றால், நீங்கள் ஒரு முறை மிதிக்கும்போது பின்சக்கரம் எத்தனை முறை சுற்றும்? எண்ணி எழுதி, என் அறைக்கு வந்து காட்டுங்கள். எண்ணெய் பட்ட கையோடு வந்தாலும் தடையில்லை.

சரசுவதி பூசையன்று நம் வீடுகளில் புத்தகங்களை அடுக்கி வைத்துச் சந்தனம் இடுகிறோம். அதே நாளில்தான் ஆலையிலும் பட்டறையிலும் ஆயுத பூசையென்று திருப்புளிக்கும் ஸ்பேனருக்கும் சந்தனம் இடுகிறோம். நம் முன்னோர் இரண்டையும் ஒரே நாளில்தான் வைத்தார்கள். நான்தான் அதைப் படித்துப் புரிந்துகொள்ள இத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன்.

இப்போது என் அறையில் ஒரு தகரத் தட்டு இருக்கிறது. வகுப்பில் எந்தப் பிள்ளையாவது எதையாவது பிரித்துவிட்டால், ஆசிரியர் அவனை என்னிடம் அனுப்புவார். நான் அந்தத் தட்டைக் கொடுத்து, "திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே இதில் வை, பாடம் முடிந்தபின் இருவரும் மாட்டிப் பார்ப்போம்" என்பேன். வீட்டிலும் அப்படி ஒரு தட்டை வைத்திருங்கள் என்று பெற்றோரைப் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.



அன்புடன்,
தலைமையாசிரியர்